கவர்னரைத் திருத்துவதா, கழற்றுவதா?

கவர்னர் என்ற சொல்லைக் கேட்டதும் மாநிலத் தலைநகரில் மாளிகையில் வீற்றிருப்பவரே நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவார். எஞ்சின் பட்டறையில் அச்சொல்லுக்குப் பொருள் வேறு. எஞ்சின் குறித்த வேகத்திற்கு மேல் ஓடிவிடாதவாறு காக்கும் ஒரு சிறு கருவிக்கு அங்கே அப்பெயர் வழங்குகிறது. உள்ளங்கையில் அடங்கிவிடக்கூடிய அக்கருவியைப் பற்றி இளைஞர்களிடையே ஓயாத வழக்கொன்று உண்டு. அதனைத் திருத்தி வைத்துக்கொள்வதா, அறவே கழற்றி எறிவதா என்பதே அவ்வழக்கு.

வெளிமாநிலங்களில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு இவ்வழக்கு அந்நியமானதன்று. புனேயிலும் ராஜ்கோட்டிலும் ஜாம்ஷெட்பூரிலும் லூதியானாவிலும் இயந்திரங்களோடு பழகி வாழ்க்கை நடத்துவோர் நம்மவரில் பலர். அவர்தம் பிள்ளைகளில் எஞ்சினியரிங் கல்லூரிகளில் பயில்வோரும் பலர். கல்லூரிப் போட்டிக்கெனச் சிறு பந்தய வண்டி ஒன்றைச் செய்ய முற்படும் மாணவர் கையில் முதலில் கிடைப்பது ஒரு சிறிய பெட்ரோல் எஞ்சின். அதைப் பொருத்தி ஓட்டிப் பார்த்த மறுநாளே, "கவர்னரை எடுத்துவிட்டால் இன்னும் பறக்கும்" என்று யாரேனும் ஒரு நண்பர் ஆலோசனை கூறுவார். அந்த ஆலோசனையில் எவ்வளவு உண்மை, எவ்வளவு அபாயம் என்பதை இங்கே ஆராய்வோம்.

வண்டியும் எஞ்சினும்

கார்ட் எனப்படுவது தரையோடு தரையாகத் தாழ்ந்து, கூரையும் கதவும் இன்றி, நான்கு சிறு சக்கரங்களின்மேல் ஓடும் வண்டி. 1956-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், பந்தயக் கார்கள் செய்யும் தொழிலில் இருந்த ஆர்ட் இங்கெல்ஸ் என்பவர், இரும்புக் குழாய்களை இணைத்துச் சட்டம் செய்து, புல்வெட்டும் பொறிக்கென உண்டாக்கப்பட்ட எஞ்சினை அதில் பொருத்தி முதல் கார்ட்டை உருவாக்கினார். பந்தயத்திற்கெனத் தனி எஞ்சின்கள் பின்னர் வந்தன. ஆயினும் வேறு வேலைக்காகச் செய்யப்பட்ட எஞ்சினை வாங்கி வண்டியில் பூட்டும் வழக்கம் அந்நாட்டில் இன்றும் மறையவில்லை. வீட்டு முற்றத்திலும் பண்ணை வெளியிலும் ஓடும் கார்ட்டுகளில் பெரும்பாலானவை அத்தகையனவே.

அவ்வகை எஞ்சினுக்கு உதாரணமாக ஹோண்டா நிறுவனத்தின் ஜிஎக்ஸ் 200 என்பதை எடுத்துக்கொள்வோம். அதன் சிலிண்டர் விட்டம் 68 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 54 மில்லிமீட்டர். கொள்ளளவு 196 கன சென்டிமீட்டர். நிமிடத்திற்கு 3600 சுற்றில் அது தரும் சக்தி சுமார் 5.5 குதிரைத்திறன். இதே இனத்தைச் சேர்ந்த எஞ்சின்கள்தாம் நம் நாட்டில் வயலில் நீர் இறைக்கின்றன. மின்சாரம் தடைப்பட்ட கடைவீதியில் ஜெனரேட்டரைச் சுழற்றுகின்றன.

3600 என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 60 அலைகளாகத் திசை மாறி மாறிப் பாய்கிறது. இரு துருவ ஜெனரேட்டர் அத்தகைய மின்சாரத்தைத் தர வேண்டுமாயின் வினாடிக்கு 60 சுற்று, அதாவது நிமிடத்திற்கு 3600 சுற்றுச் சுழல வேண்டும். நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 அலை கொண்டது. ஆகையால் இங்கே அத்தகைய ஜெனரேட்டர் 3000 சுற்றில் ஓடுகிறது. விளக்கு ஒன்று எரிந்தாலும் பத்து எரிந்தாலும் அந்தச் சுற்று மாறலாகாது. அதைக் காப்பதே கவர்னரின் பிறவிக் கடமை.

எடைக்கும் ஸ்பிரிங்குக்கும் நடக்கும் போட்டி

கவர்னர் புதிய கருவியன்று. காற்றாலைகளில் மாவரைக்கும் கற்களின் இடைவெளியைச் சீராக்க அதன் முன்னோடி பயன்பட்டது. 1788-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் வாட் அதை நீராவி எஞ்சினுக்குக் கொண்டுவந்தார். சுழலும் தண்டின் இருபுறமும் இரு குண்டுகள் தொங்கின. வேகம் மிகுந்தால் அவை விரிந்து உயர்ந்து நீராவியின் வழியைக் குறுக்கின; வேகம் குறைந்தால் தாழ்ந்து வழியைத் திறந்தன. 1868-இல் மாக்ஸ்வெல் என்னும் பௌதிக அறிஞர் கவர்னர்களைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார்.

இன்றைய சிறு எஞ்சினிலும் தத்துவம் அதுவே. எண்ணெய் நிறைந்த அடிப்பெட்டியினுள் ஒரு சிறு பற்சக்கரம் எஞ்சினோடு சேர்ந்து சுழல்கிறது. அதன்மேல் சிறு எடைகள் கீல் வைத்துப் பொருத்தப்பட்டிருக்கின்றன. எஞ்சின் விரைந்து சுழலச் சுழல அவை வெளிநோக்கி விரிந்து, நடுவிலுள்ள குமிழைத் தள்ளுகின்றன. குமிழ் ஒரு சிறு தண்டைத் திருப்புகிறது. அத்தண்டு அடிப்பெட்டியின் சுவரைத் துளைத்து வெளியே வந்து ஒரு நெம்புகோலைத் தாங்கி நிற்கிறது. நெம்புகோலிலிருந்து மெல்லிய கம்பி ஒன்று கார்புரேட்டருக்குச் சென்று, காற்றும் பெட்ரோலும் புகும் வாயிலை, அதாவது திராட்டிலை, மூடுகிறது.

மூடுவது எடைகளின் வேலை. திறப்பது ஸ்பிரிங்கின் வேலை. ஸ்பிரிங் எப்பொழுதும் நெம்புகோலைத் திறக்கும் பக்கமே இழுத்துக்கொண்டிருக்கிறது. இரண்டும் சமமாகும் இடத்தில் எஞ்சினின் வேகம் நிலைபெறுகிறது.

இங்கே பலர் கவனியாத உண்மை ஒன்றுண்டு. கவர்னர் உள்ள எஞ்சினில் நாம் மிதிக்கும் ஆக்சிலேட்டர் திராட்டிலை நேரே திறப்பதில்லை. அது ஸ்பிரிங்கை இறுக்குகிறது, அவ்வளவே. "இன்ன வேகம் வேண்டும்" என்று நாம் கட்டளையிடுகிறோம். அந்த வேகத்திற்குத் திராட்டில் எவ்வளவு திறக்க வேண்டும் என்பதைக் கவர்னர் தீர்மானிக்கிறது. வண்டி மேட்டில் ஏறும்போது எஞ்சின் தளர்கிறது, எடைகள் ஒடுங்குகின்றன, ஸ்பிரிங் வெற்றி பெற்றுத் திராட்டிலை முழுவதும் திறந்துவிடுகிறது. ஆகவே கவர்னர் எஞ்சினின் சக்தியைத் திருடுகிறது என்ற குற்றச்சாட்டு நிலைக்காது. சக்தி வேண்டிய நேரத்தில் அதுவே வாயிலை அகலத் திறக்கிறது. சுற்று எல்லையைத் தாண்டும்போது மட்டுமே தடுக்கிறது.

குறை எங்கே இருக்கிறது?

வண்டி மந்தமாக ஓடுகிறது என்றால் கவர்னரைப் பழிக்குமுன் வேறு சிலவற்றைப் பார்த்தல் நலம். நாம் கூறிய எஞ்சினின் முறுக்குவிசை 2500 சுற்றளவிலேயே உச்சத்தை அடைந்துவிடுகிறது. கிளம்பும்போதும் மேடேறும்போதும் உதவுவது அம்முறுக்குவிசையே. அங்கே மந்தமிருந்தால் கிளட்ச் வழுக்குகிறதா, பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா, காற்று வடிகட்டி அடைத்திருக்கிறதா என்று சோதிக்க வேண்டும்.

சமதரையில் மேல்வேகம் போதவில்லை என்றால் பற்சக்கரங்களின் கணக்கைப் பார்க்க வேண்டும். சக்கரத்தின் விட்டம் 33 சென்டிமீட்டர் என்று கொள்வோம். எஞ்சின் ஆறு சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்படி பற்கள் அமைந்திருந்தால், 3600 சுற்றில் வண்டி மணிக்கு 37 கிலோமீட்டர் ஓடும். ஆறை ஐந்தாக்கினால் அதே 3600 சுற்றில் 45 கிலோமீட்டர் ஓடும். எஞ்சினுக்கு ஒரு சுற்றும் மிகவில்லை. சில பற்கள் மட்டுமே மாறின. கிளம்பும்போது இழுவை சற்றுக் குறையும் என்பதே இதற்கு நாம் கொடுக்கும் விலை. கனத்த ஆளோ மேடான நிலமோ இருப்பின் அவ்விலை கட்டாது, சமதரைக்குக் கட்டும்.

திருத்தும் முறை

கவர்னரைத் திருத்துவதில் இரு படிகள் உண்டு. முதற்படி எஞ்சின் நின்றிருக்கும்போது செய்வது. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். தற்செயலாகக் கிளம்பாதபடி ஸ்பார்க் பிளக்கின் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். நெம்புகோலைத் தண்டோடு பிடித்திருக்கும் நட்டைத் தளர்த்தி, திராட்டில் முழுவதும் திறக்கும்வரை நெம்புகோலை நகர்த்த வேண்டும். அந்நிலையில் அதைப் பிடித்துக்கொண்டு, நெம்புகோல் எத்திசையில் நகர்ந்ததோ அதே திசையில் தண்டையும் அது நிற்கும்வரை திருப்பி, நட்டை இறுக்க வேண்டும். உள்ளே ஒடுங்கிய எடைகளும் வெளியே திறந்த திராட்டிலும் இப்பொழுது ஒன்றுக்கொன்று ஒத்துவிட்டன. பழைய எஞ்சின் ஒன்றைப் பிரித்துப் பூட்டியபின் வேகம் கட்டுக்கடங்காமல் போவதற்கு, இந்த ஒரு படியைத் தவறாகச் செய்தலே பெரும்பாலும் காரணமாகும்.

இரண்டாம் படி எஞ்சின் ஓடும்போது செய்வது. வண்டியின் பின்சக்கரங்களைத் தரையிலிருந்து உயர்த்தி உறுதியாக நிறுத்துவது, அல்லது செயினைக் கழற்றி வைப்பது முதல் வேலை. எஞ்சினை நன்கு சூடேறும்வரை ஓடவிட்டு, சுற்று எண்ணும் மீட்டரைப் பொருத்தி, வேகநெம்புகோலின் பாதையில் தடையாக நிற்கும் திருகைச் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும். சுமையின்றி ஓடும்போது 3850 சுற்று, அதற்கு மேலோ கீழோ 150 சுற்று என்பது அந்த எஞ்சினுக்குத் தயாரிப்பாளர் விதித்த எல்லை. சுமை ஏறியதும் அது தானே 3600-ஐ ஒட்டி இறங்கும். தொழிற்சாலையிலிருந்து வரும்போதே சில வண்டிகளிலும் பொறிகளிலும் எல்லை இதனினும் தாழ்வாக வைக்கப்பட்டிருப்பதுண்டு. ஆகவே திருகை முறையாகத் திருத்தினாலே சிலருக்கு வேண்டிய வேகம் கிடைத்துவிடும்.

மீட்டரின்றிக் காதால் கேட்டுத் திருத்துவது கூடாது. 3800-க்கும் 4600-க்கும் உள்ள வேற்றுமையைக் காது நிச்சயமாகக் கூறாது. மேலும் திருகைத் திருப்புவதற்குப் பதிலாகத் தடித்த ஸ்பிரிங்கை மாட்டுவதும், ரப்பர்ப் பட்டையைச் சுற்றி இழுத்துக் கட்டுவதும் திருத்தம் ஆகா. பெயரளவில் கவர்னரை வைத்துக்கொண்டு செயலளவில் கழற்றிவிடும் தந்திரங்கள் அவை.

சில எஞ்சின்கள் ஒரே வேகத்தில் நில்லாமல், ஏறுவதும் இறங்குவதுமாக ஊசலாடும். உடனே கவர்னர் கெட்டுவிட்டது என்பர். பெரும்பாலும் குற்றவாளி கார்புரேட்டரே. பெட்ரோல் வரும் நுண்துளை பாதி அடைபட்டிருந்தால் எஞ்சின் தளரும், கவர்னர் திராட்டிலைத் திறக்கும், எஞ்சின் எழும், கவர்னர் மூடும், மீண்டும் தளரும். துளையைத் துப்புரவு செய்தால் ஊசல் நின்றுவிடும். இணைப்புக் கம்பி தேய்ந்து ஆடினாலும் இந்நோய் வரும்.

கழற்றினால் நேர்வது

இனி மறுபக்கத்தைக் காண்போம். கவர்னரைக் கழற்றி, ஆக்சிலேட்டரைத் திராட்டிலோடு நேரே இணைத்துவிட்டால் எஞ்சின் 3600-ஐத் தாண்டும். வண்டியும் விரையும். இதில் ஐயமில்லை. ஆனால் எஞ்சினின் உறுப்புகள் எதற்காகச் செய்யப்பட்டவை என்பதை மறந்துவிடலாகாது.

3600 சுற்றில் பிஸ்டன் ஒவ்வொரு வினாடியும் 120 முறை நின்று திரும்புகிறது. பிஸ்டனும் அதன் ஊசியும் சேர்ந்து 200 கிராம் எடை என்று கொள்வோம். மேல்முனையில் அது நின்று திரும்பும் கணத்தில் கனெக்டிங் ராடின்மீது விழும் இழுவை, சுமார் 100 கிலோகிராம் எடையை அதில் தொங்கவிட்டதற்கு ஒப்பாகும். வேகம் ஒன்றரை மடங்கானால், அதாவது 5400 சுற்றானால், இழுவையும் ஒன்றரை மடங்காகும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் இவ்விசை வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வது. ஆகையால் அது இரண்டேகால் மடங்காகி 225 கிலோகிராமை எட்டும். 7200 சுற்றில் நான்கு மடங்காகி 400 கிலோகிராம் ஆகும். புகை வெளியேறும் வீச்சின் முடிவில் பிஸ்டனைக் கீழே அழுத்த வெடிப்பின் விசையும் இராது. இழுவை முழுவதையும் அப்போது ராடே தாங்க வேண்டும். அந்த ராடோ வார்ப்பு அலுமினியத்தால் ஆனது. அது முறியும்போது அடிப்பெட்டியின் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வருவதும் உண்டு.

பிளைவீல் என்னும் பளுச்சக்கரத்தின் நிலை இதனினும் கவலைக்குரியது. 18 சென்டிமீட்டர் விட்டமுள்ள பிளைவீலின் விளிம்பு 3600 சுற்றில் மணிக்கு 120 கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த வேகத்தில் பறக்கிறது. 7200 சுற்றில் அவ்வேகம் 240-ஐத் தாண்டும். வார்ப்பிரும்பு அழுத்தத்தைப் பொறுக்கும், இழுவையைப் பொறுக்காது. கண்ணுக்குப் புலப்படாத ஒரு விரிசல் இருந்தாலும் சக்கரம் வெடித்துச் சிதறும். எஞ்சினை மூடியிருக்கும் மெல்லிய தகடு அத்துண்டுகளைத் தடுக்கும் வலிமை உடையதன்று. கார்ட்டில் எஞ்சின் அமர்ந்திருக்கும் இடம் எது? ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால், சிலவற்றில் முழங்கைக்கு அருகில். கவர்னரைப் பற்றிய வழக்கு எஞ்சினின் ஆயுளோடு முடிவதன்று என்பதற்கு இதுவே காரணம்.

"நாம் எப்போதும் முழு வேகத்தில் ஓட்டப் போவதில்லையே, கால் நம் வசத்தில்தானே இருக்கிறது?" என்று கேட்போர் உண்டு. சுமை உள்ளவரை அது சரியாகலாம். ஆனால் முழுத் திராட்டிலில் ஓடும்போது செயின் கழன்று விழுந்தால் என்ன நேரும்? சுமை ஒரே கணத்தில் மறைகிறது. கவர்னர் இருந்தால் காலை எடுக்குமுன்பே திராட்டிலை மூடிவிடும். கவர்னர் இல்லையேல், ஓட்டுபவர் வியப்பிலிருந்து மீளுமுன் எஞ்சின் தன் எல்லையைக் கடந்துவிடும். திராட்டில் கம்பி சிக்கிக்கொண்டாலும் அப்படியே. வால்வு ஸ்பிரிங்குகள் மிகுந்த வேகத்தில் தளர்ந்து எஞ்சினைத் தாமே மட்டுப்படுத்திவிடும் என்று நம்புவோரும் உளர். தளர்வது உண்மையே. ஆனால் எந்தச் சுற்றில் தளரும் என்பது எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபடும். அதைக் காவலாகக் கொள்வது அறிவுடைமை ஆகாது.

வெளியிலுள்ள கம்பியை மட்டும் அவிழ்த்துவிட்டு உள்ளே பற்சக்கரத்தை அப்படியே விடுவது அரைகுறை வேலை. பல எஞ்சின்களில் அப்பற்சக்கரம் பிளாஸ்டிக்கால் ஆனது. மிகுந்த வேகத்தில் அது சிதறி எண்ணெயில் விழுந்தால் மற்ற உறுப்புகளுக்கிடையே சிக்கும்.

முறையாகக் கழற்றுவோர் செய்வது

அவ்வாறாயின் பந்தயக்காரர் எவரும் கவர்னரைக் கழற்றுவதில்லையா? கழற்றுகின்றனர். ஆனால் அவர்கள் கழற்றுவதில் தொடங்குவதில்லை. முதலில் எஞ்சினைப் பிரித்து, வார்ப்பு ராடை எடுத்துவிட்டு, முழு உலோகப் பாளத்திலிருந்து கடைந்தெடுத்த வலிய ராடைப் பொருத்துகின்றனர். வார்ப்பிரும்புப் பிளைவீலுக்குப் பதில், பந்தய வேகத்திற்கெனக் கடைந்த பிளைவீலை வைக்கின்றனர். வால்வுகளுக்கு வலிய ஸ்பிரிங்குகள் இடுகின்றனர். அதன் பிறகே உள்ளிருக்கும் கவர்னர்ப் பற்சக்கரத்தை எடுத்து, தண்டு வெளிவந்த துளையை எண்ணெய் கசியாமல் அடைக்கின்றனர். இவற்றின் விலையையும் உழைப்பையும் கூட்டிப் பார்த்தால், பல சமயங்களில் எஞ்சினின் விலையை அது எட்டிவிடும்.

பந்தயத்திற்கென்றே பிறந்த எஞ்சின்களும் கட்டற்றவை அல்ல. அமெரிக்காவின் பிரிக்ஸ் அண்டு ஸ்டிராட்டன் நிறுவனத்தார் கார்ட் பந்தயத்திற்காகச் செய்யும் 206 என்னும் எஞ்சினில் எடைகளும் ஸ்பிரிங்கும் கொண்ட கவர்னர் இல்லை. ஆனால் 6100 சுற்றை எட்டியதும் தீப்பொறியை நிறுத்திவிடும் மின் அமைப்பு அதில் உண்டு. எஞ்சினை எவரும் பிரித்து மாற்றாதவாறு முத்திரையும் இடப்படுகிறது. சிறுவர்கள் ஓட்டும் பிரிவுகளில் கார்புரேட்டரின் திறப்பையே குறுக்கி, வயதுக்கேற்றவாறு வேகத்தைத் தாழ்த்துகின்றனர். பழைய காவலனை அனுப்பிவிட்டுப் புதிய காவலனை அமர்த்தியிருக்கின்றனர் என்பதே இதன் பொருள். வேகத்திற்கு எல்லை வகுக்கும் கடமையை அவர்கள் ஒருநாளும் காலியாக விடவில்லை.

முடிவாக

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்கும்போது நம் வழக்கிற்குத் தீர்ப்புக் கூறுதல் கடினமன்று. வீட்டு முற்றத்திலும் கல்லூரி மைதானத்திலும் ஓடும் வண்டிக்கு, முதலில் கிளட்ச், பிரேக், கார்புரேட்டர் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். அடுத்துப் பற்சக்கரக் கணக்கைத் திருத்த வேண்டும். அதன் பிறகு கவர்னரை மீட்டர் வைத்துத் தயாரிப்பாளர் விதித்த எல்லைவரை உயர்த்தலாம். அந்த எல்லைக்கு மேல் வேகம் வேண்டுவோர், ராடும் பிளைவீலும் வால்வு ஸ்பிரிங்கும் மாற்றி, தீப்பொறியை நிறுத்தும் அமைப்பையும் வைத்துக்கொண்டபின் கவர்னரை எடுக்கட்டும். அதற்குப் பணமோ பட்டறைத் திறனோ இல்லையாயின், கவர்னர் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். சிறுவர் ஓட்டும் வண்டியில் அதைக் கழற்றுவது பற்றிய பேச்சே எழலாகாது.

பிள்ளைகளின் ஆர்வத்தைத் தடுக்க வேண்டும் என்று பெற்றோருக்கு நாம் கூறவில்லை. எஞ்சினைத் தொட்டுப் பிரித்துப் பழகும் பிள்ளை நாளை நல்ல தொழில்வல்லுநன் ஆவான். ஆனால் வண்டியை வெளியே கொண்டுபோகுமுன் அவனிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த எஞ்சினுக்கு விதித்த சுற்று எவ்வளவு? இப்பொழுது எவ்வளவு ஓடுகிறது? செயின் கழன்று விழுந்தால் அதை நிறுத்துவது எது? மூன்றாவது கேள்விக்குக் கையால் சுட்டிக் காட்டி அவன் விடை சொல்லும்வரை, வண்டி கொட்டகையிலேயே நிற்கட்டும்.